உத்தரம் வண்டியேறிய கதை

பழைய கட்டடம் ஒன்றை இடிக்கிறவர்களை நேயர்கள் கவனித்திருக்கலாம். சுவரிடம் அவர்களுக்குத் தயவு தாட்சிண்யம் கிடையாது. கடப்பாரையால் ஓர் இடி. நூறு வருஷத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் பொலபொலவென்று கீழே வந்துவிடும். ஆனால் உத்தரத்தின் பக்கம் வந்ததும் அதே ஆட்களுடைய கை தானாகவே மெதுவாகிவிடுகிறது. கயிறு கட்டுகிறார்கள், "பார்த்து, பார்த்து" என்று ஒருவரையொருவர் எச்சரிக்கிறார்கள், கைக்குழந்தையை இறக்குவது போல இறக்கித் தரையில் கிடத்துகிறார்கள். மரத்தின் விலை மட்டும் இதற்குக் காரணமன்று. செங்கல் உடைந்தால் ஜல்லியாகிறது. இரும்பு உருகினால் தன் பூர்வ ஜன்மத்தை அடியோடு மறந்துவிடுகிறது. மரம் ஒன்றுதான் பழைய உடம்போடும் பழைய தழும்புகளோடும் மறுபிறவி எடுக்கிறது.

அப்படி மறுபிறவி எடுத்த ஏழு உத்தரங்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீலகிரியில் கிளென்மார்கனுக்கு அருகே ஒரு தேயிலை ஆலையின் மேல்தட்டைத் தாங்கிக்கொண்டிருந்த அவை, இப்போது வாரத்துக்கு ஒரு நாள் புஸ்தகங்களைச் சுமந்துகொண்டு மலைச் சாலையில் பிரயாணம் செய்கின்றன. இதில் என்ன அதிசயம் என்று கேட்டால், அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மரத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி எங்களுக்குள் எழுந்த விவாதம் சாதாரணமானதன்று. அதில் மரத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருந்தது.

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் போகும் சாலையை விட்டுப் பிரிந்து, தேயிலைத் தோட்டங்களின் நடுவே சென்றால் கிளென்மார்கன் வரும். மலை அங்கே திடீரென்று முடிந்துவிடுகிறது. விளிம்பில் நின்று பார்த்தால் ஏறக்குறைய 3,000 அடிக்குக் கீழே சிங்காரா. அதற்கப்பால் முதுமலைக் காடு. அதற்கும் அப்பால் மைசூர்ப் பீடபூமி. பைக்காரா ஆற்றின் ஜலத்தை இந்த விளிம்பிலிருந்துதான் குழாய் வழியாகக் கீழே இறக்கி, 1932-ல் சிங்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம் அதுவே. அந்த மின்சாரம் வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குவதற்காக மலைச் சரிவில் தண்டவாளம் போட்டு, இரும்புக் கயிற்றால் இழுக்கும் 'விஞ்ச்' வண்டி ஒன்றும் அமைத்தார்கள்.

ஊர் வர்ணனை எதற்கு என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். தேக்கு இந்த உயரத்தில் வளர்வதில்லை. விளிம்பிலிருந்து பார்த்தால் தெரிகிறதே, அந்தக் கீழ்க்காட்டில்தான் அது வளரும். ஆகையால் மலைமேல் உள்ள பழைய பங்களாவிலோ ஆலையிலோ ஒரு தேக்கு உத்தரத்தைக் கண்டால், அதை யாரோ கீழேயிருந்து மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல். உதகமண்டலத்தை அது எட்டியது 1908-ல். அதற்கு முன்னால் மலையேறிய ஒவ்வொரு மரத்துக்காகவும் மனிதர் தோளோ, மாட்டின் கழுத்தோ, யானையின் உடம்போ நொந்துதான் இருக்க வேண்டும்.

இப்படி மலையேறிய மரங்களில் மிகவும் பிரசித்தமானவை உதகமண்டலத்து ஸெயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தில் இருக்கின்றன. 1829-ல் கவர்னர் லஷிங்டன் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1830-ல் பிரதிஷ்டை நடந்தது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுடைய அரண்மனையை இடித்தெடுத்த மரம். யானைகள் அவற்றை இழுத்து வந்தன என்று சொல்வார்கள். 1799-ல் கோட்டை விழுந்தது, சுல்தானும் வீழ்ந்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு, அவருடைய தலைக்கு மேல் இருந்த மரம் அவரை வென்றவர்களுடைய தலைக்கு மேல் கூரையாயிற்று. ஜயித்தவன் எடுத்துக்கொண்டு போவது உலக வழக்கம். அதைப் பற்றி இப்போது அழுது பயனில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். கல் நாட்டிய கவர்னரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கட்டடத்துக்குத் திட்டமிட்ட காப்டன் அண்டர்வுட்டின் பெயரும் தெரிகிறது. அரண்மனையில் அந்த மரத்தை முதலில் இழைத்த தச்சன் யார், மலைமேல் அதை மறுபடியும் கோத்து நிறுத்திய தச்சன் யார் என்று கேட்டால் பதில் இல்லை. பதில் இல்லாமற் போன கேள்விகளிலே இதுவும் ஒன்று.

எங்கள் உத்தரங்களுக்கு அத்தகைய ராஜ வம்சப் பெருமை கிடையாது. அவை உழைப்பாளி ஜாதி. பறித்த கொழுந்தை அரைப்பதற்கு முன் பல மணி நேரம் வாட வைக்க வேண்டும் அல்லவா? முற்காலத்தில் இதற்காக ஆலையின் மேல்தட்டுகளை ஒதுக்கி, சணல் துணி கட்டிய தட்டிகளில் கொழுந்தைப் பரப்புவார்கள். கீழே தேயிலை காய வைக்கும் அறையின் வெப்பக் காற்றை விசிறிகளால் மேலே இழுத்துக்கொள்வார்கள். பிற்பாடு, நீண்ட தொட்டிகளில் கொழுந்தைக் கொட்டி அடியிலிருந்து காற்றை ஊதும் முறை வந்தது. மேல்தட்டுக்களுக்கு வேலை போயிற்று. எங்களுக்கு அருகிலுள்ள ஓர் எஸ்டேட்டில் அவ்வாறு வேலையிழந்து நின்ற ஒரு மேல்தட்டைச் சில வருஷங்களுக்கு முன் பிரித்தார்கள். ஒன்பது தேக்கு உத்தரங்கள். ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம். எங்கள் படிப்பகத்தார் சந்தா வசூலித்து அவற்றை வாங்கினோம். தேக்கை ஏற்றி இறக்கும்போது வழியில் காட்டிலாகாவினர் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு ரசீது வேண்டும்; அதையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டோம்.

படிப்பகத்துக்கு உத்தரம் எதற்கு? புஸ்தக வண்டி ஒன்று கட்டுவதற்கு.

தோட்டங்களில் ஜனங்கள் குடியிருக்கும் லயன்கள் ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தள்ளியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓய்வு. அன்றைக்குத் துணி துவைப்பார்களா, சந்தைக்குப் போவார்களா, அல்லது புஸ்தகத்தைத் தேடி மலையேறி மலையிறங்குவார்களா? படிக்கிறவர்கள் புஸ்தகத்திடம் வர முடியாவிட்டால் புஸ்தகம் படிக்கிறவர்களிடம் போகவேண்டியதுதான். இது நாங்கள் கண்டுபிடித்த தத்துவமன்று. 1931-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டு வண்டியில் அமைந்த ஒரு நடமாடும் நூலகத்தை எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் துவக்கி வைத்தார்கள். அதை உருவாக்கியவர் கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற என்ஜினீயர். பாலமும் கட்டடமும் கட்டுவது எப்படி என்று அறிந்த ஒருவர், ஓய்வுக் காலத்தில் புஸ்தகத்துக்கு ஒரு வண்டி கட்டினார் என்பதை நினைத்தால் மனசு பூரிக்கிறது. நூலக சாஸ்திரத்துக்கு உலகமெங்கும் பிரமாணமாக விளங்கும் ஐந்து விதிகளை ரங்கநாதன் நூலாக வெளியிட்டதும் அதே 1931-ல்தான். விதியை எழுதினவரும் வண்டியைக் கட்டினவரும் ஒரே மேடையில் நின்றார்கள். நமக்கு அதைவிட நல்ல முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

எங்களிடம் மாடு இல்லை. மலையில் மாட்டு வண்டி செல்லவும் செல்லாது. ஆனால் எங்கள் அங்கத்தினர் ஒருவரிடம் காரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றும் சிறிய திறந்த லாரி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை, லாரிக்கும் விடுமுறை. அந்த ஒரு நாள் அதை இரவல் தருவதாக அவர் சொன்னார். வண்டியின் உடலையே வெட்டி மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி, பரிசோதனை, பதிவுத் திருத்தம் என்று பல படிகள் ஏற வேண்டும். மேலும், ஞாயிற்றுக்கிழமை புஸ்தகம் ஏற்றினவர் திங்கட்கிழமை காரட் ஏற்ற வேண்டாமா? ஆகையால் லாரியைத் தொடாமல், அதன் திறந்த முதுகில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு மரக்கூடு செய்வதென்று தீர்மானித்தோம். நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் 6 அடி. இரு புறமும் புஸ்தகத் தட்டுகள். பின்புறம் கதவும் படியும்.

இதைச் செய்ய வந்தவர் எழுபது வயதை எட்டிய ஒரு தச்சர். இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே ஆலைத் தச்சரிடம் தொழில் பழகினவர். 1964-ல் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய பல்லாயிரம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அந்தத் தீவில் தச்சரையும் கொத்தரையும் 'பாஸ்' என்று அழைப்பது வழக்கம். இங்கே வந்தும் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தப் 'பாஸு'ம், முதலாளியைக் குறிக்க நம்மவர் சொல்லும் 'பாஸு'ம் டச்சுக்காரரின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. டச்சுக்காரர்கள் தேர்ந்த கைவினைஞனைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள் போலிருக்கிறது. முதலாளிகள் பிற்பாடு அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பாஸ் ஐயா மரத்தைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உளி முனையால் ஓர் ஓரத்தில் கீறிப் பார்த்தார். "ஈர மரத்தை உலர்த்த, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று எங்கள் குரு சொல்வார். இது எத்தனை வருஷமாகத் தேயிலை உலர்த்தும் காற்றிலே உலர்ந்திருக்கிறது! இனிமேல் இது வளையாது ஐயா. வளைகிறதென்றால் நாம்தான் வளைய வேண்டும்" என்றார்.

தேக்கின் மகிமைக்கு வேறு சாட்சியும் உண்டு. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களினால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் போர்க் கப்பல்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்று நமது திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி'. வாடியா குடும்பத்துப் பார்ஸிகள் 1817-ல் கட்டிய அந்தக் கப்பல், இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றைக்கும் மிதக்கிறது. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு, ஆணியை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசையோ மரத்தையும் காக்கிறது. அதில் அறைந்த இரும்பையும் காக்கிறது. கட்டியவர்களுடைய குடும்பப் பெயர் மறையாமல் நின்ற அபூர்வமான உதாரணமும் அந்தக் கப்பலே.

இந்தச் சமயத்தில்தான் வியாபாரி ஒருவர் வந்து சேர்ந்தார். மலைமேல் புதிது புதிதாக விடுதிகள் கட்டுகிறார்களே, அவர்களுக்குப் பழைய மரம் வேண்டும். புது மரத்துக்கே பழைய சாயம் பூசி விற்கிற காலத்தில் உண்மையிலேயே பழைய மரம் கிடைத்தால் விடுவார்களா? நாங்கள் கொடுத்த விலைக்கு மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். அவருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது. "உலகமெங்கும் இதுதான் நடக்கிறது. லண்டனில் போய்ப் பாருங்கள்" என்றார்.

அவர் லண்டனுக்குப் போயிருந்தாரோ இல்லையோ, சொன்னது உண்மைதான். லண்டனில் 'லிபர்ட்டி' என்று ஒரு பெரிய கடை இருக்கிறது. 1924-ல் அதற்குப் பழைய பாணியில் மர மாளிகை ஒன்று கட்டினார்கள். அந்த மரம் இரண்டு போர்க் கப்பல்களை உடைத்தெடுத்தது. ஒரு கப்பலின் பெயர் 'இம்ப்ரெக்னபிள்', அதாவது யாராலும் பிடிக்க முடியாதது. மற்றொன்றின் பெயர் 'இந்துஸ்தான்'. பிடிக்க முடியாததையும் இந்துஸ்தானத்தையும் சேர்த்து உடைத்தால் சுதந்திரம் பிறக்கும் என்று ஆங்கிலேயரே 1924-ல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! நமக்கு அது கைகூடுவதற்குத்தான் 1947 வரை ஆயிற்று.

வியாபாரி போன பிறகு படிப்பகத்தில் கூட்டம் கூடிற்று. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் எழுந்து தெளிவாகப் பேசினார். "மரம் படிக்கப் போவதில்லை, குழந்தைகள்தான் படிக்கப் போகிறார்கள். ஒன்பது உத்தரத்தையும் விற்றுவிடுவோம். தகரக் கூடு ஒன்றைச் செய்துகொண்டு, மீதிப் பணத்துக்குப் புஸ்தகம் வாங்கினால் ஐந்நூறு அறுநூறு புஸ்தகம் கூடுதலாக வரும். நம்முடைய பழமை மோகத்துக்காகக் குழந்தைகளின் புஸ்தகத்தைக் குறைக்கலாமா?"

இதற்குப் பதில் சொல்வது சுலபமன்று. பழைய பொருளிடம் நாம் வைக்கும் பிரியத்தில் பாதி டம்பம் என்பது எனக்குத் தெரியும். விடுதிக்காரர் சுவரில் பதித்தால் அது டம்பம், நாம் வண்டியில் பதித்தால் அது தேசபக்தி என்று சொல்லிவிட முடியுமா? கூட்டம் அன்று முடிவில்லாமலே கலைந்தது. எனக்கும் ஆசிரியையின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

இரண்டு நாள் கழித்து, விற்பதற்கு முன் மரத்தைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று பாஸ் ஐயா உத்தரங்களைப் புரட்டித் தேங்காய் நாரால் தேய்த்தார். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில் புகையும் சுண்ணாம்பும் உதிர்ந்த இடத்தில் உளியால் வெட்டிய எழுத்துக்கள் தெரிந்தன. ஆசிரியை குனிந்து பார்த்து, "க... உ... ரு... சு... யாரோ பெயரின் முதலெழுத்துக்கள் போலிருக்கிறதே!" என்றார்.

பாஸ் ஐயா சிரித்தார். "எழுத்தில்லை அம்மா, எண். இது ஒன்று, இது இரண்டு, இது ஐந்து, இது ஆறு. கீழே தரையில் வைத்துக் கழுந்தும் துளையும் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிறகு பிரித்து மேலே ஏற்றுவார்கள். எங்கள் குருவும் இப்படித்தான் போடுவார்."

௧, ௨, ௩, ௫, ௬, ௭, ௯ என்று ஏழு உத்தரங்களில் எண்கள் இருந்தன. மற்ற இரண்டின் முனைகள் எப்போதோ உளுத்துப்போய், பழுது பார்த்தவர்கள் அறுத்து எறிந்திருந்தார்கள். நாலும் எட்டும் அவையாகத்தான் இருக்க வேண்டும்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஆலைக்கு ஆங்கிலப் பெயர். யந்திரங்களின் மேல் வார்த்திருந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம். கணக்குப் புஸ்தகமும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார்கள். துரை வந்தால் பார்ப்பதற்கென்று வைத்த எல்லாவற்றிலும் அவருடைய பாஷையே இருந்தது. ஆனால் மரத்தோடு மரம் சேரும் இடத்தில், சுவருக்குள்ளே, ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்ற இடத்தில், வேலை செய்தவன் தன் பாஷையில் எண்ணியிருக்கிறான். பெயரை வெட்ட அவனுக்கு உரிமை இல்லை. அதற்கு ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வெட்டினான். சரித்திரம் குறித்துக்கொள்ளாத ஓர் ஆளுடைய கையெழுத்து, அதுவும் தமிழ்க் கையெழுத்து, எங்கள் முன்னால் கிடந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர் எங்களில் ஒரே ஒருவர்தான் என்பதும் அப்போது விளங்கிற்று.

மறுநாள் கூட்டத்தில் ஆசிரியையே யோசனை சொன்னார். "எண் இல்லாத இரண்டையும் விற்றுவிடுவோம். அந்தப் பணத்துக்குப் புஸ்தகம். எண் உள்ள ஏழையும் வைத்துக்கொள்வோம். ஆனால் அழகு பார்ப்பதற்காக அல்ல. வண்டியில் ஏழு அலமாரிகள் வரட்டும். இந்த எண்களே அலமாரிகளின் எண்ணாக இருக்கட்டும். புஸ்தகம் எடுக்க வருகிற குழந்தை இதையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும்."

எனக்குக் கிடைக்காத பதில் அதுதான். மரத்தைக் காப்பாற்றுவது வேறு. மரத்துக்கு வேலை கொடுப்பது வேறு. விடுதிச் சுவரில் அந்த எண்களைப் பதித்தால் அவை கோலம். அலமாரியில் பதித்தால் மறுபடியும் எண். தச்சன் எதற்காக அவற்றை வெட்டினானோ அதற்கே அவை திரும்பவும் பயன்படுகின்றன. பழைய மரத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வேலை ஆரம்பித்தது. பழைய மரத்தில் வேலை செய்வதென்றால் முதல் எதிரி ஆணி. முறிந்த ஆணி மரத்துக்குள் பாம்பு போலப் படுத்திருக்கும். அறுவை மில்காரர் மரத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்; ஓர் ஆணி பட்டால் ரம்பம் போய்விடும். பாஸ் ஐயா காந்தத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, அங்குலம் அங்குலமாக மரத்தின் மேல் இழுத்துச் சென்றார். காந்தம் தலை சாய்த்த இடமெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். மூன்று நாளில் ஒரு பால் டின் நிறைய ஆணி சேர்ந்தது. அதன் பிறகும் மில்காரர் ரம்பத்துக்குத் தனிக் கூலி கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே. தேக்கில் மணல் போன்ற நுண்ணிய சத்து உண்டு. ஆணி இல்லாவிட்டாலும் அது ரம்பத்தின் பல்லை மழுக்கிவிடும். முதல் பலகை அறுந்து விழுந்தபோது, நேற்று வெட்டிய மரம் போல மில் முழுவதும் தேக்கு வாசனை பரவிற்று. இத்தனை காலம் தேயிலைப் புகையை வெளியே பூசிக்கொண்டு, உள்ளே தன் வாசனையை மரம் விடாமல் வைத்திருந்தது.

ஏழு உத்தரங்களில் 31½ கன அடி மரம் இருந்தது. வெடிப்பும் ஆணிப் புழையும் உளுப்பும் கழிந்து கூட்டுக்குத் தேறியது 16 கன அடி. ஒரு கன அடித் தேக்கு சுமார் 18 கிலோ. ஆகக் கூட்டின் எடை ஏறக்குறைய 300 கிலோ. எண் வெட்டிய முகங்களை மாத்திரம் அங்குலப் பலகையாக அறுத்து, ஒவ்வோர் அலமாரியின் பக்கப் பலகையாகப் பொருத்தினார்கள். அவற்றின் மேல் இழைப்புளி ஓடவில்லை. பழைய வாச்சி செதுக்கிய அலைகள் அப்படியே இருக்கின்றன. கையை வைத்தால் தெரியும்.

வண்டிக்கு மரவேலை செய்வது வீட்டுக்குச் செய்வது போல அன்று. வீடு அசையாது, வண்டி அசைந்துகொண்டே இருக்கும். மலைச் சாலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் லாரியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்கிறது. மேலே உள்ள கூடு விறைப்பாக நின்றால் எங்கேயாவது பிளக்கும். தொளதொளவென்று இருந்தால் கிறீச்சிட்டுக்கொண்டே வரும். சென்னையில் 1840 முதல் வண்டி கட்டிய ஸிம்ப்ஸன் கம்பெனித் தச்சர்களும், நமது மலை ரயிலின் மரப் பெட்டிகளைச் செய்தவர்களும் இந்தப் பிரச்னையோடு மல்லாடித்தான் இருப்பார்கள். 1920-களில் பாரிஸில் வெய்மன் என்பவர், மரத்தோடு மரம் உரசாதபடி ஒவ்வொரு மூட்டிலும் உலோகத் தகடு வைத்து, மேலே துணி போர்த்து, சத்தமில்லாத மோட்டார்க் கூடுகளைக் கட்டினார். இங்கிலாந்தில் மார்கன் என்ற மோட்டார்க் கம்பெனியார், உலகமெல்லாம் எஃகுக்கு மாறிய பிறகும், ஆஷ் மரத்தில் கார்களுக்குக் கூடு கட்டுவதை விடவில்லை. அந்த மார்கனுக்கும் எங்கள் கிளென்மார்கனுக்கும் பெயர் ஒற்றுமைக்கு மேல் நான் உறவு கொண்டாடப் போவதில்லை. ஆயினும் மார்கன் என்ற பெயருக்கும் மர வண்டிக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது!

பாஸ் ஐயாவுக்கு வெய்மனையும் தெரியாது, மார்கனையும் தெரியாது. ஆனால் அதே முடிவுக்கு அவர் வேறு வழியில் வந்தார். மூட்டுகளில் பசை போடவில்லை. கழுந்தைத் துளையில் இறுக்கி, குறுக்கே மர முளை அடித்தார். கூட்டுக்கும் லாரிக்கும் நடுவே பழைய டயரை வெட்டி மெத்தை வைத்தார். "பசை போட்ட மூட்டு பிடிவாதக்காரன். ஒரு நாள் உடைவான். முளை போட்ட மூட்டு கொஞ்சம் விட்டுக்கொடுப்பான், திரும்பி வருவான்" என்றார். ஏற்றி இறக்குவதற்கும் வழி கண்டார். லாரியின் தள உயரத்துக்கு நான்கு கால்கள் நாட்டி ஒரு மேடை அமைத்தார். லாரி பின்னோக்கி வந்து மேடையைத் தொட்டு நிற்கும். நான்கு பேர் தள்ளினால் கூடு வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். பிறகு நான்கு திருகாணிகளை முடுக்க வேண்டியதுதான். தென்மேற்குப் பருவமழை கிளென்மார்கனில் எப்படிக் கொட்டும் என்பதை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். ஆகையால் கூரைக்கு மட்டும் அலுமினியத் தகடு.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தகரக் கூடு செய்திருந்தால் பணமும் காலமும் குறைந்திருக்கும். எங்கள் கூடு நாலு மாதம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த நாலு மாதமும் லயன்களைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் பாஸ் ஐயாவுக்குக் கை உதவியாக இருந்தார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். உளி பிடிக்க வாரிசு இல்லை. இப்போது அந்த இரண்டு பேருக்கும் கழுந்து வெட்டத் தெரியும். ஒன்று முதல் ஒன்பது வரை தமிழில் எண் போடவும் தெரியும். தகரக் கடையில் இதை விலைக்கு வாங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி கிளம்புகிறது. குழந்தைகள் முதலில் மரத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள், புஸ்தகம் பிறகு. "ஐந்தாம் அலமாரி" என்று சொல்லாமல் "ரு அலமாரி" என்று சொல்லுவது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. கெட்டிக்காரக் குழந்தைகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலும் எட்டும் எங்கே?" என்று கேட்கிறார்கள். ஆசிரியை இரண்டு தட்டு நிறையப் புத்தம் புதுப் புஸ்தகங்களைக் காட்டி, "அவை இரண்டும் இதோ இருக்கின்றன" என்கிறார்.

நேயர்களில் யாராவது பாட்டனார் கட்டிய வீட்டை இடிக்க நேர்ந்தால், மரத்தை வியாபாரியிடம் கொடுப்பதற்கு முன்னால், சுவருக்குள் புதைந்த முனையை ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். விற்கக் கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. நாங்களே இரண்டை விற்றோம். ஆனால் என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்பது நல்லது.

வேலை முடிந்த அன்று பாஸ் ஐயா கூட்டுக்குள்ளே விளக்கை எடுத்துக்கொண்டு போய் வெகு நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மூட்டிலும், கழுந்தின் பக்கத்திலும் துளையின் பக்கத்திலும், சிறியதாகத் தமிழ் எண் வெட்டியிருக்கிறார். "எதற்காக?" என்று கேட்டேன்.

"இதையும் ஒரு நாள் யாராவது பிரிப்பார்கள் ஐயா. திரும்பப் பூட்டுகிறவனுக்கு ஒத்தாசையாக இருக்கும்" என்றார்.

பெயரை வெட்டலாமே என்று நான் சொன்னதற்கு, உளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "எண் போதும்" என்று சொல்லிவிட்டார்.